நேற்று சரியாக வந்த கணக்கு இன்றும் சரியா? ‘ரிக்ரஷன் டெஸ்ட்’ ஏன் முக்கியம்?

கேமரன் மலையின் கியா பார்மில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மழை அளவைக் கணக்கிட நீங்கள் பைதானில் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் பதிவு: 12, 0, பதிவு இல்லை, 8, 20 மில்லிமீட்டர்.

பதிவான நான்கு நாட்களின் சராசரி 10. அடுத்த வாரம் உங்கள் நண்பர், "புரோகிராமைக் கொஞ்சம் சுத்தம் பண்றேன்" என்று கை வைக்கிறார். காலியான இடம் பூஜ்ஜியமாகிவிடுகிறது. இப்போது விடை 8. எரர் எதுவும் வராது.

மண்சரிவு ஆபத்துள்ள மலையில், மழையைக் குறைத்துக் காட்டும் கணக்கு சின்ன விஷயமா என்ன?

ரிக்ரஷன் டெஸ்ட் என்றால் என்ன?

முன்பு சரியாக வந்த விடை, மாற்றங்களுக்குப் பிறகும் அப்படியே வருகிறதா என்று பார்க்கும் சோதனை. புள்ளியியலில் படிக்கும் ‘ரிக்ரஷன்’ வேறு. இங்கே அதற்குப் பின்னடைவு என்று பொருள்.

நிஜத்தில் இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. வேதியியல் மூலக்கூறுகளை ஆராய 2014-இல் வெளியான பைதான் ஸ்கிரிப்டுகள் அவை. ஒரே தரவுக்கு ஒரு கணினியில் 173.2 என்றும், உபுண்டுவில் 172.4 என்றும் விடை வந்ததை ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கண்டுபிடித்தனர். கோப்புகள் குறிப்பிட்ட வரிசையில்தான் வரும் என்று ஸ்கிரிப்ட் நம்பியிருந்தது; அந்த வரிசை கணினிக்குக் கணினி மாறியது. அதைப் பயன்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மீது சந்தேகம் விழுந்தது.

நீங்கள் எப்படி எழுதுவது?

• சின்னத் தரவை எடுத்து, விடையைக் கையால் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள ஐந்து நாள் பதிவே போதும்: ‘விடை 10 வர வேண்டும்’.

• தசம எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள். பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. சிறிய வித்தியாசத்தை அனுமதியுங்கள். ‘பைடெஸ்ட்’ கருவியில் அதற்கு வசதி உண்டு.

• ஒரு பிழையைத் திருத்தும்போதெல்லாம், அது திரும்பி வந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு டெஸ்ட்டையும் சேர்த்துவிடுங்கள்.

• விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது

விடை மாறவில்லை என்பதைத்தான் இந்த டெஸ்ட் சொல்லும். விடை சரி என்று சொல்லாது. முதல் விடையே தப்பு என்றால், அந்தத் தப்பைத்தான் அது காவல் காக்கும். டெஸ்ட் தோற்றால், எதிர்பார்த்த எண்ணை மாற்றிவிட்டு நகராதீர்கள். ஏன் மாறியது என்று முதலில் கேளுங்கள்.