குரோக் மொசியே

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையோரக் கடையொன்றின் ஞாயிறு காலைப் பலகையில் 'குரோக் மான்சியர்' என்றிருந்தது. புதுச்சேரிக் காதுக்கு இது அடுக்குமா? 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பிரெஞ்சுத் துரைமார்களை 'முசே' என்றுதானே எழுதினார்! பிரெஞ்சில் 'குரோக்கே' என்றால் மொறுமொறுவெனக் கடிப்பது. 'மொசியே'வைப் பிரித்தால் 'என் பெருமகன்'. அதற்கும் பின்னே, லத்தீனில், 'மூத்தவர்' என்ற சொல். நம் 'ஐய'னுக்கும் மூத்தோன், தலைவன் என்ற பொருள்கள் உண்டு. 'என் பெருமகன்' போலவே அமைந்த நம் 'எம்பெருமான்' கோயிலோடு நின்றுவிட்டான். மொசியே தெருவுக்கு இறங்கி, யாரையும் விளிக்கும் 'ஐயா' ஆகி, கடைசியில் ஹாமோடு சீஸ் உருகும் சூட்டு ரொட்டிக்கும் பெயரானார். மேலே ஒரு பொரித்த முட்டையை வைத்தால் அது 'குரோக் மதாம்'. 'மொறு ரொட்டி' என்று தமிழாக்கலாம்தான். ஆனால் முட்டை ஏறியதும் என்ன சொல்வது? என் ஓட்டு 'முசே ரொட்டி'க்கு. முட்டையோடு கேட்பவருக்கு 'மதாம் ரொட்டி'.