மூச்சுப் பரிசோதனையும் மக்கள் மனப்பாங்கும்

மூச்சுப் பரிசோதனை என்பது வெளிவிடும் மூச்சிலுள்ள வாயுக்களையும் ஆவியாகும் சேர்மங்களையும் அளந்து நோயைக் கண்டறியும் முறை. ஊசியும் வலியும் இல்லாததால் மக்கள் இதைத் தயக்கமின்றி ஏற்பார்கள் என்று கருதப்படுகிறது. அது பாதி உண்மை. ஊதுவதற்குத் தயங்காதவர்களும் அதன் முடிவை நம்பத் தயங்குவதுண்டு.

மூச்சின் வாடையை வைத்து நோயை ஊகிப்பது பழைய வழக்கம். நீரிழிவு கட்டுமீறும்போது மூச்சில் பழவாடை வீசும். அதற்குக் காரணம் அசிட்டோன். மனித மூச்சில் சுமார் 250 சேர்மங்கள் இருப்பதை 1971இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் காட்டினார். ஆஸ்துமா நோயாளியின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கருவிக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி அளித்தது.

மக்களிடம் நன்கு வேரூன்றியது யூரியா மூச்சுப் பரிசோதனை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை நோயாளி விழுங்குவார். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைக்கும். அந்தக் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வெளிவரும். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு அஞ்சுவோருக்கு இது பெரிய ஆறுதல். இதிலும் ஓர் அச்சம் உண்டு. கார்பன்-14 கலந்த மாத்திரை கதிரியக்கம் உடையது என்றதும் சிலர் பின்வாங்குகிறார்கள். அதன் அளவு மிகச் சிறிது. கார்பன்-13 வகையிலோ கதிரியக்கமே இல்லை. இதை முன்பே விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை.

இந்தியாவில் 'ஊதுங்க' என்றதும் நினைவுக்கு வருவது மருத்துவர் அல்லர், போக்குவரத்துக் காவலர். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மதுசாரம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அதைப் பிடிக்கும் கருவியாகவே மூச்சுக் கருவி இங்கே அறிமுகமானது. குற்றத்தின் சாயல் அதன்மீது படிந்திருப்பது இயல்பே. வாய் நாற்றம் குறித்த கூச்சமும், பலர் ஊதிய கருவியால் தொற்று வருமோ என்ற கவலையும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. இந்தக் கவலை வீண் அன்று: கொரோனா பரவிய 2020 மார்ச்சில் இந்திய விமானிகளுக்கான மூச்சுச் சோதனை நிறுத்திவைக்கப்பட்டது.

அதே கொரோனாவைக் கண்டறியவும் மூச்சு பயன்பட்டது. மூக்கில் குச்சி விடுவதை வெறுத்தவர்களுக்கு அது நற்செய்தி. 2021 மே மாதம் சிங்கப்பூர், பிரெத்தோனிக்ஸ் நிறுவனத்தின் கருவிக்குத் தற்காலிக அனுமதி தந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா இன்ஸ்பெக்ட்ஐஆர் கருவியை அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. மூன்று நிமிடங்களுக்குள் முடிவு தந்த அக்கருவி, நோயுள்ளவர்களில் 91.2 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடித்தது. அதாவது நூறு நோயாளிகளில் ஏறத்தாழ ஒன்பது பேரைத் தவறவிட்டது. நோய் இருப்பதாகக் காட்டினாலும், வேறொரு மூலக்கூறுப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. எனவே மக்களின் ஐயத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு.

புற்றுநோயை மூச்சில் கண்டறியும் ஆய்வுகள் பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் நடந்துவருகின்றன. அத்தகைய சோதனைகள் பொதுப் பயன்பாட்டுக்கு வரும்போது தவறவிடுதலின் விலை இன்னும் கூடும்.

யூரியா சோதனையிலேயே, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் முன்னதாக நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரக்கூடும். ஊதுவதற்கு முன் நீங்கள் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.