வயர் எங்கே வந்து நிற்கிறது? – கிராமத்து இன்டர்நெட்டின் ஒரு சின்ன வரலாறு



இந்த முறை கொஞ்சம் வரலாறு. சம்புவராயர், ஹொய்சாளர் என்று பயந்துவிட வேண்டாம். வெறும் நாற்பது வருட வரலாறுதான்.

வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கவேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கம்பெனி? மாசம் எவ்வளவு?" என்றுதான். திருவண்ணாமலை டவுனுக்குள் இருப்பவர்கள் அப்படிக் கேட்கலாம். டவுனை விட்டு தண்டராம்பட்டு பக்கமோ போளூர் பக்கமோ பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டால் அது கடைசிக் கேள்வி. வயர் எங்கே வந்து நிற்கிறது, டவருக்கு உங்கள் வீடு தெரிகிறதா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை. இதை நானாகச் சொல்லவில்லை. நம் கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுவர நடந்த ஒவ்வொரு முயற்சியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் ஜெயித்தது, அல்லது படுத்தது.

முதலில் வயர். 1984-ல் மத்திய அரசு சி-டாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. சாம் பிட்ரோடா பெயரைப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அவர் சம்பந்தப்பட்டதுதான். அவர்கள் செய்த பெரிய காரியம், ஏசி அறை இல்லாமலேயே ஓடக்கூடிய சின்ன டெலிபோன் எக்சேஞ்ச். 128 போர்ட், ஒரு பீரோ அளவு. வெயிலையும் தூசியையும் தாங்கும். முதல் எக்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூரில் வைக்கப்பட்டது. ஒரு சின்ன கட்டடத்துக்குள் இதை வைத்து, அங்கிருந்து தாமிரக் கம்பியை வீடு வீடாக இழுத்தார்கள். நம் ஊர்ப்பக்கம் கம்பத்தில் தொங்கிய அந்தக் கறுப்பு வயருக்கு இதுதான் பூர்வீகம். பேசுவதற்காக இழுத்த வயர் அது. பிற்பாடு அதே வயர்தான் இன்டர்நெட் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று தீர்மானித்தது.

1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நாள். மும்பை, டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் மாதிரி பெருநகரங்களுக்குத்தான். (மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தே ஆறு வருடம் முடியவில்லை!) டயல்-அப் என்பதே போன் போட்டு இன்டர்நெட்டைக் கூப்பிடுவதுதான். வெளியூர்க்காரன் மெட்ராஸுக்குக் கூப்பிட்டால் எஸ்.டி.டி. பில். இன்டர்நெட் ஓடுகிற நேரமெல்லாம் எஸ்.டி.டி. மீட்டரும் ஓடும் என்றால் யார் வீட்டில் விடுவார்கள்?

அதனால் நமக்கு முதலில் கிடைத்தது வீட்டு இன்டர்நெட் அல்ல, கடை இன்டர்நெட். டவுனில் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடங்களை ஒட்டி பிரௌசிங் சென்டர்கள் வந்தன. அவர்களுக்கு ஊருக்கு மெயில் அனுப்பவேண்டும், காசும் இருந்தது. கடைக்காரரைக் குறை சொல்லமுடியாது, கேட்கிற ஆள் இருக்கிற இடத்தில்தானே கடை போடுவார்? ஆனால் அதே காலத்தில் கேட்கத் தெரியாத இடத்துக்கும் இதைக் கொண்டுபோகலாமே என்று சிலர் யோசித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் பாண்டிச்சேரி. அங்கே 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடு மையம். சுற்றி இருந்த கிராமங்களுக்கு நம்பகமான போன் லைன் இல்லை என்பதால் விஎச்எஃப் ரேடியோ வழியாகத் தகவல் அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். ஊரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கேட்டது ஊர் முழுக்க! கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது உயிர்ப் பிரச்சினை அல்லவா? அந்த மையங்களுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மையம் பொது இடத்தில் இருக்கவேண்டும், எந்த சாதிக்காரரும் தடையில்லாமல் வந்துபோக முடியவேண்டும்.

இந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது அடுத்து மேலூரில் தெரிந்தது. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 2001-ல் தொடங்கியது சாரி திட்டம். சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்ட், என்-லாக் என்ற கம்பெனி எல்லாம் சேர்ந்தது. ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழுவும் மைடாஸ் கம்பெனியும் கார்டெக்ட் என்று ஒரு தொழில்நுட்பம் செய்திருந்தார்கள். தாமிர வயரே வேண்டாம். டவுனில் ஒரு டவர், கிராமத்தில் ஒரு சின்ன ஆன்டெனா. பேசிக்கொண்டே 35 கேபிபிஎஸ், பேசாவிட்டால் 70 கேபிபிஎஸ். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் 2001-ல் கிராமத்துக்கு அது பெரிய விஷயம்.

ஒரே ஒரு விதி: டவரும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். இதைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதானே சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டு விளக்கை ஏற்றுகிறார்கள்? எந்த மொட்டைமாடியிலிருந்து தீபம் தெரியும், எந்த வீட்டை வேப்பமரம் மறைக்கும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். ரேடியோ அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மலை உச்சியில் இருப்பது எல்லாப் பக்கமும் தெரியும், ஆனால் கிழக்கே டவுனுக்குள் நிற்கிற டவருக்கும் மேற்கே அடி அண்ணாமலைக்கும் நடுவில் அந்த மலையே நிற்கும்.

மேலூர் கிராமங்களில் யாராவது ஒருவர் கடன் வாங்கி கம்ப்யூட்டர், யுபிஎஸ், ஆன்டெனா வைத்து சென்டர் நடத்துவார். அங்கிருந்து கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸுக்கு மனு அனுப்பினார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். கடலூர் மாவட்டத்திலும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நடத்தும் இஐடி பாரி கம்பெனி, கரும்பு விவசாயிகளுக்காக இதே மாதிரி சென்டர்கள் வைத்தது.

பிறகு என்ன ஆயிற்று? மேலூரில் சில வருடங்களிலேயே பெரும்பாலான சென்டர்கள் மூடிவிட்டன. ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதிய காரணங்களைப் படித்தால் எதிலும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வருமானம் போதவில்லை. ரிப்பேர் என்றால் உடனே ஆள் வரவில்லை. மனுக்களை ஆர்வமாக எடுத்துக்கொண்ட அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவையும் நின்றது. அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சென்டருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள். தலித் மக்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த, அல்லது அவர்களில் ஒருவரே நடத்திய சென்டர்களுக்கு மட்டும் அவர்கள் கூடுதலாக வந்தார்கள். ஊரில் இன்டர்நெட் வந்துவிட்டது என்று கணக்கெழுதலாம். யார் வீட்டுத் திண்ணையில் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு வந்தது என்பது. எங்கள் தெருப் பெண்கள் இன்னொரு தெருவுக்குப் போய் ஒரு கடையில் உட்கார்ந்து பிரௌஸ் பண்ணுவதை என்னால் கற்பனைகூட செய்ய முடியவில்லை. வீட்டுக்குள் கனெக்‌ஷன் வருவது சொகுசு அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

வீட்டுக்குள் வர வழி 2005 ஜனவரியில் பிறந்தது. பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட், 256 கேபிபிஎஸ்ஸில் தொடக்கம். இங்கேதான் 1980-களின் தாமிர வயர் கதைக்குள் திரும்ப வருகிறது. அதே போன் வயரில் இன்டர்நெட்டும் ஓடும், ஆனால் எக்சேஞ்சிலிருந்து தூரம் போகப்போக வேகம் தேயும். ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. அதுவும் எக்சேஞ்சில் அதற்கான கருவி வைத்திருந்தால்தான். போன் இருந்தும் பிராட்பேண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. இந்தக் குறையைத் தீர்க்க 2009-ல் சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து பிஎஸ்என்எல்லுக்கு மானியம் கொடுத்தார்கள். (டெலிகாம் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது. நம் ரீசார்ஜிலும் அதில் ஒரு துளி உண்டு.) கனெக்‌ஷன் கொடுக்க மானியம் வந்தது சரி. ரோடு அகலப்படுத்தும்போது ஜேசிபி தோண்டிப்போட்ட வயரை ஒட்டவைக்க லைன்மேன் வந்தாரா என்பது வேறு கதை.

2011 அக்டோபரில் அடுத்த பெரிய திட்டம். நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர். இப்போது பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் இதைச் செய்ய 2018-ல் டான்ஃபிநெட் என்று மாநில அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது. நம் மாவட்டம் ஒன்றிலேயே சுமார் 860 ஊராட்சி. ஆனால் திட்டத்தின் இலக்கைக் கவனியுங்கள்: ஊராட்சி வரைக்கும். ஊராட்சி ஆபீஸிலிருந்து என் வீட்டுக்கு இருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் யாருடைய வேலை? அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான் நாற்பது வருடமாக எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் எல்லோர் கையிலும் போன், போனில் இன்டர்நெட், இனி எதற்கு வயர் என்று பேசிக்கொண்டோம். 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரி மூடியபோது பதில் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரியில் அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு. நல்ல திட்டம்தான், பலருக்கு உதவியது. ஆனால் டவர் இல்லாத மலைக்கிராமத்துப் பையனுக்கு 2 ஜிபி சிம் என்பது பஸ் போகாத ஊருக்கு பஸ் பாஸ் மாதிரி. டவர் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. தீபத்தன்று டவுனுக்கு வந்து பாருங்கள். சிக்னல் முழுசாகக் காட்டும், ஒரு மெசேஜ் போகாது. லட்சக்கணக்கான பேர் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் வேறு எப்படி இருக்கும்?

இதற்கு நடுவில் அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் கடந்தது யார் தெரியுமா? நம்ம கேபிள்காரர்! சன் டிவி காட்டுவதற்காகத் தெருத்தெருவாக வயர் இழுத்தவர், இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் இழுக்கிறார். பிஎஸ்என்எல் ஃபைபர்கூட பல ஊர்களில் இப்படிப்பட்ட உள்ளூர் பார்ட்னர்கள் மூலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பெரிய திட்டங்கள் எதுவும் இவரைக் கணக்கில் வைத்துத் தொடங்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் போன வருடம் எடுத்தபோது இரண்டு வழி இருந்தது. ஒரு பெரிய கம்பெனியின் டவர் வழி வைஃபை (பெயர் வேண்டாம்). விளம்பரத்தில் வேகம் பிரமாதம். வந்து பார்த்த பையன் மாடியில் நின்று போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு, புளியமரம் மறைக்கிறது, கம்பி நட்டு உயரமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு சரி, ஆளையே காணோம். இன்னொன்று கேபிள்காரரின் ஃபைபர். அப்பா அவரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மழையில அறுந்தா எப்ப வருவ?" என்றுதான் கேட்டார். "நம்ம வீட்டுக்கும் அதே லைன்தாண்ணே, எனக்கும் போயிடுமில்ல" என்றார் அவர்.

எடுத்துவிட்டோம். கூடவே மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும். பழைய தாமிர வயருக்கு எக்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே கரண்ட் வந்துவிடும், அதனால் ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் அடிக்கும். ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும், கரண்டை நாம்தான் கொடுக்கவேண்டும். இதை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை. இதுவரை நான்கு தடவை அறுந்திருக்கிறது, மூன்று தடவை கரும்பு லாரி. நான்கு தடவையும் அன்று சாயங்காலத்துக்குள் ஏணியோடு வந்துவிட்டார்.