பாய்லர் சோதனையும் பொதுக் கணினியும்

திருச்சி பெல் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கைலாசபுரத்துக்காரர்களாகிய நமக்குத் தெரியும், இங்கே பாய்லர் முழுதாக உருவாவதில்லை. பாகம் பாகமாகப் போய், மின்நிலையத்தில்தான் ஒன்று சேரும். அங்கே ஓட்டிப் பார்த்து, ஒப்பந்தத்தில் சொன்ன செயல்திறன் வருகிறதா என்று அளப்பார்கள். வராவிட்டால் அபராதம். அரை சதவீதத்துக்கும் வாக்குவாதம் நடக்கும்.

பாய்லர் நம்முடையது, அது இணைந்திருக்கும் மின்கட்டமைப்போ ஊருக்கெல்லாம் பொது. அதன் அதிர்வெண் 50 சைக்கிள் இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் தென்மாநிலங்களில் மாலை நேரத்தில் அது 48-ஐ ஒட்டி இறங்கும். அப்போது மோட்டார்கள் 4 சதவீதம் மெதுவாகச் சுற்றும். பாய்லருக்குக் காற்று தரும் விசிறியும் தளரும். யாரோ எங்கோ பம்பு போட்டதற்கு நம் பாய்லர் பழி சுமக்கலாமா?

அதற்கு இரண்டு வழிகள் வைத்திருந்தோம். ஒன்று, சோதனை முடியும்வரை லோடு நிலையாக இருக்க ஏற்பாடு செய்வது. வரம்பு மீறி ஆடினால் அந்த அளவைத் தள்ளிவிடுவது. மற்றது, அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் 1964 விதிநூலிலும் உள்ள இழப்பு முறை. 87 சதவீதத் திறனுள்ள பாய்லரில் நிலக்கரி அளவை 1 சதவீதம் பிசகினால் விடை ஏறக்குறைய 0.87 நகரும். மாறாக, புகையோடு போகும் வெப்பம், எரியாத கரி என 13 சதவீத இழப்பை மட்டும் அளந்தால், அதே பிசகு 0.13 தான்.

2003-இல் தென்மண்டலத்தில் புதிய மின்கட்டண முறை வந்தபின் அதிர்வெண் அடங்கியது. 2013 டிசம்பர் 31-இல் தென்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதியோடு இணைந்தது.

இன்று மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கும் இதே தலைவலி. நிரலில் ஒரு மாற்றம் செய்தாலே போதும், பொதுச் சர்வர் ஒன்று தானாக அதைச் சோதிக்கும். அதே சர்வரில் பக்கத்து ஆளின் வேலை மும்முரமானால் இவர்கள் நிரல் மெதுவாக ஓடியதாகக் கணக்காகும். மருந்தும் பழையதுதான். பழைய நிரலையும் புதியதையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். அல்லது கடிகாரத்தை விட்டு, எத்தனை கட்டளைகள் ஓடின என்று எண்ண வேண்டும். கைப்பேசிகளில் தகவல் சேமிக்கும் எஸ்.க்யூ.லைட் மென்பொருளைச் செய்வோர் கேஷ்கிரைண்ட் என்ற கருவியால் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

இது இல்லாவிட்டால் நல்ல வேலைக்குப் பழி வரும். மோசமான வேலை 'சர்வர் அப்படி' என்று தப்பிவிடும். நாலு முறை பொய் எச்சரிக்கை வந்தால், ஐந்தாவது முறை யாரும் மீட்டரைப் பார்க்கமாட்டார்கள்.