மாணவர் ஓவியத்திற்கு மண்டபம் எங்கே?

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழையும் பேணி வளர்ப்பதில் புலம்பெயர்ந்து வாழும் தமிழர் என்றும் பின்வாங்கியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வந்து குடியேறிய நாமும், இடுக்கி மலைத் தோட்டங்களில் வாழும் நம் உடன்பிறப்புகளும், ஆண்டுதோறும் விழா எடுத்துப் பாடியும் ஆடியும் நடித்தும் தமிழன்னைக்கு அணி செய்கின்றோம். ஆயின், ஓவியம் என்னும் அருங்கலைக்கு நம் விழாக்களில் உரிய இடம் உண்டா? மேடையின் பின்திரையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்ட நான்கு படங்களை, விழா முடிந்ததும் கழற்றிச் சுருட்டி விடுகின்றோம். வரைந்த சிறுவனின் பாட்டி வந்து பார்ப்பதற்குள் படம் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இதற்கு யாரையும் குறை கூறுதல் தகாது. பாட்டுக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் மண்டபம் கிடைத்தால் போதும். நாடகத்திற்கு ஓர் இரவு போதும். ஓவியமோ பல நாள் சுவரை விட்டு இறங்காதிருத்தல் வேண்டும். சரக்குக் கொட்டகையில் இறக்கிய மூட்டையைக் குறித்த நேரத்தில் எடுத்துச் செல்லாவிடில் வார்ஃபேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போவதை இரயில்வேக் குடும்பத்தார் நன்கறிவர். நாள் வாடகை வாங்கும் மண்டபத்தில் ஓவியக் காட்சியும் அத்தகைய மூட்டையே. புகழ்பெற்ற ஓவியர்க்காகப் புரவலர் அக்கட்டணத்தைச் செலுத்துவர். மாணவர்க்காகச் செலுத்துவார் யார்? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர், சென்னைப் பிராட்வேயில் தம் சொந்த முயற்சியால் ஓர் ஓவியப் பள்ளியைத் தோற்றுவித்தார். அதுவே பின்னர் அரசின் பொறுப்பில் வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிலைபெற்று, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. பயில இடம் கிடைத்தது. படைத்ததைக் காட்ட இடம்? 1873இல் சென்னையில் நடைபெற்ற ஓவியக் காட்சியில் கிளிமானூர் இரவிவர்மா கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை அவருக்குத் துணை நின்றது. அத்துணை இல்லாதவர் செய்வது யாது?

அதற்கு அடுத்த ஆண்டே பாரிஸ் மாநகரம் ஒரு வழி காட்டியது. அங்கு அரசின் ஆதரவில் நடந்துவந்த ‘சலோன்’ என்னும் பெருங்காட்சியில் இடம் பெறுதல் புதுமை நாடிய ஓவியர்க்கு அரிதாக இருந்தது. எனவே மோனே, ரெனுவார், தெகா உள்ளிட்ட ஏறக்குறைய 30 பேர், நாதார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்பு நிலையம் நடத்திய அறைகளில் 1874 ஏப்ரல் மாதத்தில் தம் படங்களை மாட்டினர். எள்ளி நகையாடியவர் பலர். எனினும் உலகம் போற்றும் ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் ஓவிய நெறி அக்காட்சியிலிருந்தே பெயர் பெற்றது.

நம் நாட்டில் இவ்வழியில் ஊன்றி நின்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், குடும்பத்தைக் காக்கத் தந்தி இலாகாவில் பணி புரிந்தவர். பின்னரே சென்னைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957இல் தாம் பயின்ற பள்ளிக்கே தலைவரானார். தேர்ச்சி பெற்ற மாணவர் வயிற்றுப் பிழைப்பிற்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். ஓவியரும் மாணவரும் கூடிப் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அப்பணத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. இரவல் சுவர் தேடியவர்க்குச் சொந்தச் சுவர் கிடைத்தது.

அதே சென்னைப் பள்ளியில் பயின்றவர் கானாயி குஞ்ஞிராமன். பாலக்காடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த 1955இல் காமராசர் திறந்து வைத்த மலம்புழை அணையை நாம் அறிவோம். அதன் பூங்காவில் 1969இல் கானாயி வடித்த யட்சி சிலை ஏறத்தாழ 30 அடி உயரமுள்ளது. எதிர்ப்பு எழுந்தும் சிலை நிலைத்தது. அதற்குக் கூரையுமில்லை, சுவருமில்லை. மலையும் வானமுமே மண்டபம்.

ஆனால் காகிதத்தில் வரைந்த படத்தை மழையில் நிறுத்த இயலாதன்றோ? அதற்கும் மாணவரே வழி கண்டனர். 1988இல் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் இளங்கலைஞர் 16 பேர், டேமியன் ஹர்ஸ்ட் என்னும் மாணவர் முன்னின்று முயல, துறைமுக நிருவாகத்தின் காலிக் கட்டடம் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக் காட்சி நடத்தினர். கப்பல் வாணிபம் குறைந்தமையால் பயனற்றிருந்த கட்டடம் அது. அதில் பங்கு கொண்டோருள் பலர் பின்னாளில் உலகப் புகழ் எய்தினர்.

இலண்டன் எதற்கு? நம் அருகிலுள்ள கொச்சியை நோக்குவோம். 2012 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி முசிறிஸ் பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைவிழா தொடங்கிற்று. 1867இல் தோன்றிய ஆஸ்பின்வால் வாணிப நிறுவனத்தின் பழங்கட்டடமே அதன் தலைமை அரங்கு. 2014இல் நடந்த இரண்டாம் விழாவில் மாணவர்க்கெனத் தனிப் பியனாலே ஏற்பட்டது. நாட்டின் பல கலைக் கல்லூரி மாணவர்தம் படைப்புகள் மட்டாஞ்சேரியின் பழங்கிடங்குகளில் இடம் பெற்றன. மலைச்சரிவுகளில் விளைந்த மிளகும் இஞ்சியும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் கிடந்த ஊர் மட்டாஞ்சேரி. அம்மலைகளில் உழைத்துக் கூன் விழுந்த முதுகுகளில் தமிழர் முதுகுகளும் பல. சரக்கு போன இடத்தில் மாணவர் கலை குடியேறியது என்பது எண்ணி மகிழத்தக்கதாகும்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது என்ன? மாணவர் கலைக்கு மாளிகை காத்திருந்ததில்லை. வேறொருவர் பயன்படுத்தாத இடமும், கேட்டுப் பெறும் துணிவும், சில நாள் பொறுமையும் இருந்த ஊர்களிலேயே அது வளர்ந்தது.

அத்தகைய இடம் நம் காலனியிலும் உண்டு. ஏப்ரல், மே திங்கள்களில் பள்ளி வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஜூனில் மழை தொடங்கிவிட்டால் காகிதம் பூசணம் பூக்கும், கோடையில் அவ்வச்சமில்லை. உரியோரிடம் முறைப்படி அனுமதி பெற்று, ஓர் அறையைப் பத்து நாள் நம் பிள்ளைகளின் ஓவியங்களுக்கென ஒதுக்குவோம். சுவரில் ஆணி அடிக்க வேண்டுவதில்லை. கயிறும் கிளிப்பும் போதும். மலைத்தோட்டத்துத் தமிழ்ச் சிறாரின் படங்களையும் வரவழைப்போம். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்த குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதுவோம். இரவுப் பணி முடிந்து வரும் தந்தையும், அடுப்படி வேலை முடித்து வரும் அன்னையும், நடை தளர்ந்த பாட்டியும் தமக்கு ஏற்ற நேரத்தில் வந்து காணட்டும்.

முத்தமிழ் வளர்த்த நம் சங்கம் இதனையும் மேற்கொள்ளுமாக!

வாழ்க கலை! வளர்க தமிழ்!