பாதிரிமார் கடிதங்களும் கடாரத்தின் தடயங்களும்

"கடாரம் கடாரம்னு சொல்றீங்களே சார், அதுக்கு ஆதாரம் எங்க இருக்கு?"

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? மெர்போக் அருங்காட்சியகத்தைக் காட்டலாம், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைக் காட்டலாம். ஆனால் கடாரத்து அரசனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முக்கியமான மூலச் சான்று ஒன்று, கெடாவிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேல் அது ஒரு டச்சுப் பாதிரியாரின் குடும்பச் சொத்தாகக் கிடந்தது.

அவர் பெயர் ஃபுளோரென்சியஸ் காம்பர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக் கம்பெனியின் திருச்சபையில் பணிபுரிந்தவர். நாகப்பட்டினம் 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது. அந்தத் துறைமுகத்துக்கும் பத்தாவியாவுக்கும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். காம்பர் நெதர்லாந்துக்குத் திரும்பியபோது, கனத்த வளையத்தில் கோத்த 21 செப்பேடுகளையும் கொண்டுபோனார். வளையத்தில் சோழர் முத்திரை. மொத்த எடை சுமார் 30 கிலோ. அவருடைய மகன் பெட்ருஸ் காம்பர் ஐரோப்பா முழுதும் பெயர்பெற்ற உடற்கூற்று அறிஞர் ஆனார். வீட்டில் அந்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1862இல் அவை லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால்தான் நம் பாடநூல்களில் அவற்றுக்கு ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர். ஆனைமங்கலம் செப்பேடுகள் என்றாலும் இவையே.

ஐந்து ஏடுகளில் வடமொழி, பதினாறு ஏடுகளில் தமிழ். சைலேந்திர மரபில் வந்த, ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எடுப்பித்தான். அதற்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்னும் ஊரை நிவந்தமாகக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் அவன் மகன் ராஜேந்திரன். இந்த ராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தவன்!

இந்த இடத்தில் ஆசிரியர்கள் கொஞ்சம் நின்று போக வேண்டும். நம்மில் பலர் வகுப்பில் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டத்தை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஏடு சொல்வது வேறு கதை: முதலில் நட்பு, கொடை, கோயில், பிறகுதான் படை. சண்டைக்குப் பிறகு உறவு முறிந்து போய்விடவும் இல்லை. அதே லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று ஏடுகள் கொண்ட சிறிய செப்பேடு, 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து விகாரையின் நிலங்களுக்குச் சலுகை கேட்டுப் பெற்றதைச் சொல்கிறது. தேர்வில் ‘சோழர்–கடார உறவு’ என்று கேள்வி வந்தால் இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, பாதிரிமாருக்கும் பழம்பொருளுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்துப் பாதிரியார் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர். அனுப்பப்பட்ட ஊரிலோ அவரோடு அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. கலெக்டர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார், பாதிரியார் முப்பது நாற்பது வருடம் அதே ஊரில் இருப்பார். ஊர்ப் பேச்சு தெரியும். எந்தக் கிணற்றில் எழுத்துள்ள கல் கிடக்கிறது, எந்த மேட்டில் உழுதால் காசு கிளம்புகிறது என்பது ஊர்க்காரர் வாயிலாக அவர் காதுக்கு வந்துவிடும். மிச்சம் தேவை தாளும் மையும் தபாலும்தான். கல்கத்தாவில் 1784இல் ஆசியச் சங்கம் தோன்றியது. பம்பாயில் 1872இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழ் தொடங்கியது. கிராமத்துக் கடிதங்கள் போய்ச் சேர இப்படிச் சில விலாசங்கள் கிடைத்தன.

இதற்கு நல்ல உதாரணம் கால்டுவெல். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவர் என்று மட்டும் நாம் அவரை அறிவோம். அவர் வாழ்ந்தது திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில், இடையன்குடியில். 1841 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தச் சீமையில்தான். அதே காலத்தில் ஹென்றி யூல் என்பவர் இத்தாலியின் பலெர்மோ நகரில் உட்கார்ந்து மார்க்கோ போலோவின் பயணநூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். போலோ சொல்லும் ‘காயில்’ என்ற பெரிய துறைமுகம் எது? வரைபடத்தில் கடற்கரையோரம் அப்படி ஒரு பெரிய ஊரைக் காணோம். கால்டுவெல் நேரில் போய்ப் பார்த்து எழுதிய செய்திகள் யூலின் நூலில் நீளமாக இடம்பெற்றன: தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது, முதலில் கொற்கை துறைமுகமாக இருந்தது, அது உள்ளே தள்ளப்பட்டதும் காயல் எழுந்தது, பிறகு காயலும் கரையை விட்டு விலகிப் பழைய காயலானது. சும்மா ஊகமாக அவர் இதைச் சொல்லவில்லை. அந்த வெளியெங்கும் ஓடும் பானைச் சில்லும் இறைந்து கிடந்தன. சீனப் பீங்கான் துண்டுகளை அவர் கையாலேயே பொறுக்கினார். பிறகு கொற்கையில் ஆள் வைத்துத் தோண்டினார். தாழிகள் கிடைத்தன. அந்தக் கட்டுரை 1877இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’யில் வந்தது.

கெடா ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெங்கலான் பூஜாங்கிலும் கிடைத்தது சீனப் பீங்கான் சில்லுதானே! அங்கேயும் ஆற்று வண்டலால் கடற்கரை தள்ளிப்போனது. ஒரு காலத்துத் துறைமுகம் இன்று நெல்வயலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. கொற்கையையும் பூஜாங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள், மாணவர்களுக்குப் புவியியலும் சேர்ந்து புரியும்.

பாதிரியார் எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே விழுங்கவும் கூடாது. இதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அந்தச் சமூகத்தாரைக் கடுமையாகப் புண்படுத்தியது. பானை ஓட்டைப் பற்றி எழுதும்போது நிதானமாக இருக்கும் கை, பக்கத்து வீட்டு மனிதரைப் பற்றி எழுதும்போது தடுமாறுகிறது. சான்றை எடைபோடும் கேள்விக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கல்லைக் காப்பாற்றிய பாதிரிமார் இருந்ததைப் போல, இடித்தவர்களும் இருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு வெளியே செங்கல்லால் கட்டிய மூன்று நிலைக் கோபுரம் ஒன்று நின்றது. கடலோடிகளுக்கு அது அடையாளம். ‘சீனக் கோயில்’ என்று ஐரோப்பியர் அதைச் சொன்னார்கள். சூளாமணி விகாரையோடு அது தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் 1846இல் அதைப் போய்ப் பார்த்தார். பத்தாண்டு கழித்து, 1856இல், அங்கு இருந்த சேசு சபைப் பாதிரிமார் இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது அடியிலிருந்து ஐந்து புத்தர் உருவங்கள் வந்தன. அடுத்தடுத்த காலத்தில் அந்த ஊரில் முந்நூற்றுக்கும் மேல் வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. கோபுரத்தின் கதி? அதை இடித்துக்கொள்ளப் பாதிரிமார் அரசிடம் அனுமதி கேட்டார்கள். 1867இல் அனுமதி கிடைத்தது. இடித்தே விட்டார்கள். கடாரத்து அரசன் பெயரோடு சேர்த்துச் சொல்லக்கூடிய கட்டடம் தமிழ்நாட்டில் 150 ஆண்டுகளுக்கு முன்புவரை நின்றது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. எலியட் 1878இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’யில் அதைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் எத்தனை நிலை இருந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது.

பாதிரியார் என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரானவர். அவர் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தார். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டார். அதை 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமே மறுபதிப்பாக வெளியிட்டது. முதலாம் உலகத் தமிழ் மாநாடு நம் நாட்டில் நடந்த அதே வருடம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே அந்த வேலையைச் செய்தவர் பாதிரியார் அல்லர், ஜேம்ஸ் லோ என்ற பட்டாளத்துக்காரர். சென்னைப் படையிலிருந்து வந்து செபராங் பிறையை நிர்வகித்தவர். ஆனால் ஆளும் பழக்கமும் அதே அச்சுதான்: ஒரே இடத்தில் பல வருடம், உள்ளூர் மொழி, ஓயாத கடிதம். சயாம் மொழிக்கு 1828இல் இலக்கணம் எழுதினார். ‘ஹிக்காயத் மேரோங் மஹாவங்சா’வை ஆங்கிலத்தில் பெயர்த்து 1849இல் வெளியிட்டார். 1834இல் செபராங் பிறையில் அவருக்கு ஒரு கற்பலகை கிடைத்தது. நடுவில் தூபியின் உருவம், சுற்றிலும் எழுத்து. கல்கத்தா ஆசியச் சங்கத்துக்குச் செய்தி போனது. ஜேம்ஸ் பிரின்செப் 1835இல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், அதாவது பெரிய கப்பல் தலைவன், நல்ல பயணம் வேண்டி வைத்த கல் அது. 5ஆம் நூற்றாண்டு எழுத்து. ரக்தமிருத்திகா வங்காளத்தின் முர்ஷிதாபாத் பக்கம். ஆக, நம் வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று வங்காளக் கப்பல்காரனுடையது, தமிழனுடையது அல்ல. இதையும் மாணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1845இல் லோ பதிவுசெய்த செரோக் தோகுன் பாறை எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கே தெரியுமா? புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில்! ஜூலை மாதத் திருவிழாவுக்குக் கெடாத் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்துப் போன தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர். அந்தப் பாறையைக் கடந்துதான் போயிருப்பார்கள்.

குனோங் ஜெராய் அடிவாரத்தில் பூஜாங், மெர்போக் ஆற்றோரத்து இடிபாடுகளையும் லோ எழுதிவைத்தார். அவர் அவற்றை இந்தியக் குடியேற்றக்காரர்களின் மிச்சம் என்றே பார்த்தார். 1936–37இல் மனைவி டோரதியோடு வந்து முப்பது இடங்களில் தோண்டிய குவாரிச் வேல்ஸும் அந்தப் பார்வையைத்தான் தொடர்ந்தார். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்ட பிறகு, உள்ளூர் மக்களின் தொழிலும் கையும் எவ்வளவு பெரியது என்ற பேச்சு வந்திருக்கிறது. எழுதியவரின் முடிவு மாறலாம். எந்த இடம், எவ்வளவு நீளம், என்ன கிடைத்தது என்ற குறிப்புக்கு மட்டும் வயதாகவில்லை.

வேல்ஸ் எண்ணிட்ட இடங்களில் சில சுங்கை பத்து தோட்டத்துக்குள் இருந்தன. ரப்பர் மரங்களுக்கு நடுவில் செங்கல் மேடுகள். பால் வெட்டப் போனவர்கள் தினமும் பார்த்தவை. அவற்றில் 11ஆம் எண் சண்டி, நிலத்தை மேம்படுத்தும் வேலையில் இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் வந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அந்த இடம் அரசிதழில் பதிவாகியிருக்கவில்லை. இடித்தது எப்போது என்பதே வெளியில் தெரியவர நாளானது. நாகப்பட்டினத்தில் 1867இல் இடித்தவர்களாவது எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி இடித்தார்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கோயில் மணி, கல்லறைக் கல், தமிழ்ப்பள்ளியின் அடிக்கல், மூடிப்போன தோட்டத்துக் கிராணி வீட்டுப் படிக்கட்டு, எதுவானாலும் சரி. அதைப் பற்றி மெர்போக் அருங்காட்சியகத்துக்கு எழுதுவதுபோல ஒரு பக்கக் கடிதம். இருக்கும் இடம், அருகிலுள்ள சாலை அல்லது ஆறு, நீள அகலம், எழுத்து இருந்தால் பார்த்தபடியே படி (புரியாத எழுத்தைத் திருத்த வேண்டாம்), யார் சொல்லித் தெரிந்தது, பார்த்த தேதி. ஊகம் இருந்தால் கடைசியில் தனிப் பத்தியாக எழுதட்டும். மண்ணுக்குள்ளிருந்து உண்மையிலேயே ஏதாவது கிளம்பினால், அதே சட்டப்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். பொருளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள்.