புலி வருது கதையும் உலாவிச் சோதனையும்

ஒரு இணையதளத்தில் "பணம் செலுத்து" என்ற பொத்தானை அழுத்தினால் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? ஆரம்பத்தில் மனிதர்கள்தான் பார்த்தார்கள். புரோகிராமில் ஒரு வரி மாறினாலும் ஒருவர் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தி, சரியா தவறா என்று குறித்துக்கொள்வார். இதையே தினமும் நூறு பக்கங்களுக்குச் செய்தால் கையும் ஓயும், கண்ணும் தவறும். அந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தார்கள். ஆனால் கணினி சொல்வதை நம்பும் நிலைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைதான் இது.

செலவுக் கணக்கில் பிறந்த செலினியம்

2004-ம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ நகரம். தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஊழியர்களின் வேலை நேரத்தையும் செலவுக் கணக்கையும் பதிவு செய்ய ஒரு மென்பொருள் இருந்தது. அதைச் சோதிப்பதற்காக ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் உருவாக்கிய கருவிதான் செலினியம். வணிகவியல் மாணவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

பெயருக்குப் பின்னால் ஒரு கேலியும் உண்டு. அப்போது இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் மெர்க்குரி இன்டராக்டிவ். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு மருந்து செலினியம் என்பது ஹக்கின்ஸ் அடித்த ஜோக். அந்த மெர்க்குரியை 2006-ல் ஹெச்.பி. நிறுவனம் சுமார் 450 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. செலினியமோ இலவசமாகவே உலகெங்கும் பரவியது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. செலினியம் ஜாவாஸ்கிரிப்டால் ஆனது, இணையப் பக்கத்துக்கு உள்ளேயே ஓடியது. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்பது உலாவிகளின் பாதுகாப்பு விதி. திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்தியது. இதற்கு மாற்றாக சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர், ஒவ்வொரு உலாவியையும் அதற்கே உரிய வழியில் வெளியிலிருந்து இயக்கியது. இரண்டு திட்டங்களும் இணைவதாக 2009-ல் அறிவிக்கப்பட்டது. 2011 ஜூலையில் செலினியம் 2 வெளிவந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர், டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரப்பூர்வத் தரநிலையாகவே ஆனது.

சில நேரம் மட்டும் பொய் சொல்லும் சோதனை

உலாவியை இயக்கக் கற்றாகிவிட்டது. அடுத்து வந்த தலைவலி வேறு. காலையில் தேறிய சோதனை மாலையில் தோற்கும். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது! மறுபடி ஓட்டினால் தேறிவிடும். இதைத்தான் ப்ளேக்கி டெஸ்ட் என்கிறார்கள்.

காரணம் என்ன? 2004-ல் வந்த ஜிமெயில் போன்ற தளங்கள் முழுப் பக்கத்தையும் மாற்றாமல் தேவையான பகுதியை மட்டும் சர்வரிலிருந்து வாங்கிக் காட்டின. பொத்தான் இன்னும் திரைக்கு வராதபோதே சோதனை அதைத் தேடினால் தோல்விதான். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காரணம் கண்டறியப்பட்ட நிலையற்ற சோதனைகளில் சுமார் 45 சதவீதத்துக்கு இப்படிச் சரியாகக் காத்திருக்காததே காரணம் என்று தெரிந்தது.

"ஐந்து வினாடி காத்திரு" என்று எழுதிவிடுவது அந்தக் காலத்து வைத்தியம். 500 சோதனைகளில் அப்படி எழுதினால் 2,500 வினாடிகள், அதாவது 40 நிமிடங்களுக்கு மேல் வீண். ஆறாவது வினாடியில் பொத்தான் வந்தால் அதுவும் பயனில்லை.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சோதனை ஆயிரத்தில் ஒரு முறைதான் பொய்யாகத் தோற்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி 1,000 சோதனைகளைச் சேர்த்து ஓட்டினால், ஒன்றாவது பொய்யாகத் தோற்கும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். 2016-ல் கூகுள் வெளியிட்ட விவரப்படி, அங்கிருந்த சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஓரளவு நிலையற்றவை. தேறிக்கொண்டிருந்த சோதனை திடீரெனத் தோல்விக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் இத்தகைய சோதனைகள் சம்பந்தப்பட்டிருந்தன.

"புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவன் கதை நமக்குத் தெரியும். பத்து முறை பொய்யாகச் சிவப்பு விளக்கு எரிந்தால், பதினோராவது முறை எந்தப் பொறியாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அன்றைக்குத்தான் உண்மையான புலி வரும். அடி வாங்குவது பணம் கட்டிவிட்டு ரசீது வராமல் தவிக்கும் வாடிக்கையாளர்.

தீர்ப்பு போதாது, சாட்சியம் வேண்டும்

2017-ல் கூகுள் பப்பெட்டியரை வெளியிட்டது. அதில் பணியாற்றிய சிலர் மைக்ரோசாஃப்டுக்கு மாறி, 2020 ஜனவரியில் பிளேரைட் என்ற கருவியை வெளியிட்டார்கள். கிளிக் செய்வதற்கு முன் பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தும் நிலையில் இருக்கிறதா என்று அது தானே பார்த்துக் காத்திருக்கிறது.

சோதனைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் டெஸ்ட் ரன்னரும் திருந்தியது. ஒவ்வொரு சோதனைக்கும் குக்கீ எதுவும் இல்லாத புதிய உலாவிச் சூழல் கிடைக்கிறது. ஒரு சோதனை தோற்றால், அதை ஓட்டிய செயல்முறையையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது. ஒருவர் செய்த பிழை அடுத்தவர் தலையில் விழாது.

இதைவிட முக்கியமானது 2021-ல் வந்த ட்ரேஸ் பார்வையாளர். ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, சர்வரிடம் என்ன கேட்டது, என்ன பிழைச்செய்தி வந்தது என்று எல்லாமே ஒரே கோப்பில் பதிவாகிவிடும். கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் இருப்பது போல! மொத்தத் தொகை இடிக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தணிக்கையாளருக்குப் போதாது, எந்த வவுச்சரில் இடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

எல்லா ஓட்டத்தையும் பதிவு செய்தால் நேரமும் இடமும் செலவாகும். ஆகவே தோற்ற சோதனையை மறுபடி ஓட்டும்போது மட்டும் பதிவு செய்யும் வழி வந்தது. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. மறுமுறை தேறிவிட்டால் கையில் மிஞ்சுவது வெற்றியின் பதிவு. தோல்வியின் தடயம் போய்விட்டது. பின்னர், முதல் தோல்வியின் பதிவையே எடுத்து வைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

மறுபடி ஓட்டித் தேறிய சோதனையைப் பிளேரைட் வெற்றிக் கணக்கில் சேர்த்து மறைப்பதில்லை. "நிலையற்றது" என்று தனியே பட்டியலிடுகிறது. அதைப் படித்துக் காரணத்தைத் தேடுவதா, பச்சை விளக்கு எரிந்தது போதும் என்று வீட்டுக்குப் போவதா என்பது மட்டும் இன்றும் மனிதர் கையில்தான் இருக்கிறது.